துக்க வீட்டுப் பிள்ளைகள்

1807-ஆம் ஆண்டு வங்காளத்தின் பெர்ஹாம்பூர் ராணுவக் குடியிருப்பில் ஓர் ஆங்கிலேயத் தாய் தன் ஒன்றரை வயது மகனைக் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தார். பெயர் மேரி மார்த்தா ஷெர்வுட். கணவர் 53-ஆம் படைப்பிரிவில் கேப்டன். மூத்த பெண்குழந்தையை இங்கிலாந்தில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர் அவர். இந்தியாவுக்கு வந்தபின் பிறந்த முதல் பிள்ளை இந்த ஹென்றி. அவன் போன மறுவருஷமே கைக்குழந்தை லூசியும் சீதபேதியில் போய்விட்டது. அதற்குப் பிறகு 1814-ல் ஷெர்வுட் எழுதிய சின்னக் கதை ஒன்று அச்சாகி வந்தது. கதையில் வரும் பையனுக்கும் ஹென்றி என்றே பெயர்.

குட்டி ஹென்றியும் அவனைத் தூக்கி வளர்த்த வேலைக்காரரும் என்பதுதான் அந்தக் கதை. ஹென்றிக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரு பணக்காரச் சீமாட்டி எடுத்து வளர்க்கிறாள் என்று பேர். உண்மையில் வளர்ப்பது பூஸி என்கிற வேலைக்காரர். இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது, ஊட்டிவிடுவது, ராத்திரி பக்கத்திலேயே படுத்துக்கொள்வது எல்லாம் அவர்தான். இவ்வளவு நெருக்கத்தை எழுதிக்காட்டிவிட்டு ஷெர்வுட் கதையை வேறு பக்கம் திருப்புகிறார். பாதிரியார் வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பையனுக்கு பைபிள் சொல்லித் தருகிறாள். பையன் பூஸியை மதம் மாற்ற முயல்கிறான். பிறகு நோயில் விழுந்து, பயமில்லாமல், நல்ல வார்த்தைகள் சொல்லிக்கொண்டே கண்ணை மூடுகிறான். அந்தச் சாவைப் பார்த்து பூஸி மனம் மாறுகிறார். பல மொழிகளுக்குப் போன கதை இது. ஆங்கிலத்தில் மட்டும் பதிப்பு மேல் பதிப்பு கண்டது.

இரண்டு பிள்ளைகளைப் புதைத்த ஒரு தாய் எழுதியது என்பதால் அந்தக் கதையின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் அதைப் படிக்கும் பிள்ளைக்கு அது என்ன தருகிறது என்று கேட்டால் பதில் சங்கடமானது. அதில் ஒரு குழந்தைக்கு இருக்கும் ஒரே வேலை, நல்லபடியாகச் சாவது. பூஸிக்கோ அழக்கூட அவகாசம் இல்லை. அவருடைய துக்கமும் ஒரு பாடமாக்கப்பட்டுவிடுகிறது.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் ஷெர்வுட் அல்ல. 1671-ல் லண்டனில் ஜேம்ஸ் ஜேன்வே என்ற போதகர், பக்தியோடு செத்துப்போன குழந்தைகளின் வரலாறுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். மொத்தம் 13 குழந்தைகள். 1665-ன் பிளேக் வீடுவீடாகப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருந்த ஊர் அது. பெற்றோர் அந்தப் புத்தகத்தை பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். 1700-ல் பாஸ்டனில் காட்டன் மேதர் தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சாவுகளை வைத்து அதே மாதிரி ஒன்றை எழுதினார். ஷெர்வுட்டே ஊர் திரும்பி 1818-ல் எழுதிய 'ஃபேர்சைல்ட் ஃபேமிலி'யில், சண்டை போட்டுக்கொண்ட தன் பிள்ளைகளை ஓர் அப்பா தூக்குமரத்தில் தொங்கும் பிணத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறார். பின்னால் வந்த பதிப்பாளர்களுக்கே அது பொறுக்காமல் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

திருநெல்வேலியில் ஒரு பெண்கள் பள்ளி நூலகத்தில் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்தது. வீட்டில் சாவு விழுந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பி வரும் பிள்ளைகள் எல்லா வருஷமும் இருந்தார்கள். அவர்கள் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்ற கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. தேடித் தேடிப் படித்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. சாவைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதியவர்கள் இருநூறு வருஷத்தில் மெதுவாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பிரசங்கம் செய்வதை விட்டார்கள். பிறகு ஆறுதல் சொல்வதையும் குறைத்துக்கொண்டார்கள். துக்கப்படும் பிள்ளையின் கையில் ஒரு வேலையைக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். பெரும்பாலும் அந்த வேலையைக் கொண்டுவந்து தருவது ஒரு தோழன் அல்லது தோழி.

இடையில் ஒரு படி உண்டு. அமெரிக்காவில் லூயிசா மே ஆல்காட்டின் தங்கை எலிசபெத், ஏழைக் குடும்பம் ஒன்றிடமிருந்து தொற்றிய செங்காய்ச்சலில் உடம்பு நொறுங்கி, 1858 மார்ச்சில் 22 வயதில் இறந்தாள். பத்து வருஷம் கழித்து வந்த 'லிட்டில் விமன்' முதல் பாகத்தில் அந்தத் தங்கையின் சாயலில் வரும் பெத் காய்ச்சலிலிருந்து பிழைத்துவிடுகிறாள். 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் ஆல்காட்டுக்கு அவளைச் சாகவிட மனம் வந்தது. அந்தச் சாவில் பழைய பக்திக் கதைகளின் வாசனை இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்து வருவதுதான் புதிது. அக்கா ஜோ, தங்கை செய்துவந்த வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்துச் செய்கிறாள். துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கை முணுமுணுக்கும் பாட்டையே முணுமுணுக்கிறாள். அவளுடைய அம்மா கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்துவிட்டு, நீ ஏன் மறுபடி எழுதக் கூடாது என்கிறார். செத்தவளைப் பற்றிய கதை அந்த இடத்தில் இருப்பவளைப் பற்றிய கதையாகிவிடுகிறது.

பிறகு 1911-ல் ஃபிரான்சஸ் ஹாட்ஜ்ஸன் பர்னெட் எழுதிய 'தி சீக்ரெட் கார்டன்' வந்தது. இந்தப் புத்தகத்தைப் பற்றி நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அது தொடங்குவது நம் நாட்டில்.

இந்தியாவில் ஏதோ ஓர் ஊரில் ஆங்கிலேய அதிகாரியின் பங்களா. வாந்திபேதி பரவுகிறது. மேரி லெனாக்ஸ் என்கிற சிறுமி ஒன்பது பத்து வயது, யாருக்கும் பிடிக்காத முசுட்டுப் பிள்ளை. ஓரிரு நாளில் அவளைப் பார்த்துக்கொண்ட ஆயா சாகிறாள், அடுத்து வேலைக்காரர்கள், அடுத்து அப்பா, அம்மா. உயிரோடு இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். மேரி சாப்பாட்டு அறைக்குப் போய், பாதியில் விட்டுப்போன தட்டுகளுக்கு நடுவில் இருந்த பழத்தைத் தின்கிறாள், தாகத்துக்கு ஒரு கோப்பை ஒயினைக் குடிக்கிறாள், மயங்கித் தூங்கிவிடுகிறாள். எழுந்தால் வீட்டில் சத்தமே இல்லை. தரையில் ஒரு சின்னப் பாம்பு ஊர்ந்து கதவிடுக்கு வழியாக வெளியே போகிறது. பிறகு வரும் இரண்டு ராணுவ அதிகாரிகளுக்கு அப்படி ஒரு குழந்தை இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. குழந்தையை எல்லோரும் மறந்துபோனார்கள் என்பதை அவள் எதிரிலேயே சொல்கிறார்கள்.

ஒரு தமிழ் வாசகியாக எனக்கு இந்தப் பக்கங்களில் ஒரு வருத்தம் உண்டு. செத்துப்போன ஆயாவுக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் கிடையாது. தன்னை வளர்த்தவளுக்காக மேரி அழவில்லை என்று ஆசிரியர் சொல்வது, அந்தப் பிள்ளையின் மனசு எவ்வளவு காய்ந்து கிடந்தது என்று காட்டத்தான். ஆனாலும் பின்னால் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மனசு ஈரமாகித் திரும்பிய பிறகும் அவள் ஒரு தடவைகூட அந்த ஆயாவை நினைத்து ஏங்கவில்லை. ஷெர்வுட் தன் பூஸிக்குக் கொடுத்த இடத்தைக்கூட நூறு வருஷம் கழித்து வந்த ஃபிரான்சஸ் ஹாட்ஜ்ஸன் பர்னெட் அந்த ஆயாவுக்குக் கொடுக்கவில்லை. நான் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டியபோதெல்லாம் முதல் அத்தியாயத்தில் நிறுத்தி, அந்த ஆயாவுக்கு வீட்டில் யார் யார் இருந்திருப்பார்கள் என்று கேட்பேன். பிள்ளைகள் சளைக்காமல் சொல்வார்கள்.

அந்த வருத்தத்தைத் தாண்டினால் புத்தகம் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. மேரியை யார்க்‌ஷயரில் மாமா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அவளை உட்காரவைத்து, அம்மா அப்பா போனது கஷ்டமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண் மார்த்தாவின் அம்மா, இருக்கும் கொஞ்சக் காசில் இரண்டு பென்னி எடுத்து ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி அனுப்புகிறார். மார்த்தாவின் தம்பி டிக்கன், மேரி கொடுத்த காசுக்கு மண்வெட்டியும் விதையும் வாங்கிக்கொண்டு வருகிறான். பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த தோட்டத்துக்குள் அவனை அவள் ரகசியமாகக் கூட்டிப்போகும்போது, பட்டுப்போனது போல நிற்கும் ஒரு ரோஜாக் கிளையை டிக்கன் கத்தியால் கீறிக் காட்டுகிறான். உள்ளே பச்சை. அவ்வளவுதான், இரண்டு பேரும் மண்டியிட்டுக் களை பிடுங்க ஆரம்பிக்கிறார்கள். அந்தத் தோட்டம் மாமாவின் இறந்துபோன மனைவியுடையது. அவள் அங்கே ஒரு மரக்கிளை முறிந்து விழுந்து செத்தாள் என்பதால் மாமா பூட்டிச் சாவியைப் புதைத்துவிட்டார். அவளுடைய மகன் காலினும் ஒரு அறைக்குள் கிடத்தப்பட்டு, அம்மாவின் படத்தைத் திரை போட்டு மூடிவைத்துக்கொண்டு கிடக்கிறான். பெரியவர்கள் துக்கத்தைப் பூட்டிவைத்த இடத்துக்குள் இந்தப் பிள்ளைகள் மண்வெட்டியோடு நுழைகிறார்கள்.

பர்னெட் இதை எழுதியதற்குப் பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறான். அவருடைய மூத்த மகன் லயனல் காசநோயில், 1890 டிசம்பரில், பாரிஸில் இறந்தான். 16 வயது. சாகப்போகிறான் என்பதை அவனிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு விளையாட்டுப் பொருளும் கதையுமாக அவன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். பிறகு 1898 முதல் சுமார் பத்து வருஷம் கென்ட் மாவட்டத்தில் கிரேட் மேத்தம் ஹால் என்ற பெரிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே சுவர் சூழ்ந்த ஒரு பழைய தோட்டம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து ரோஜா வைத்து, அதற்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்து எழுதினார். ஒரு ராபின் பறவை அவர் கையருகே வந்து உட்காரும் அளவுக்குப் பழகியிருந்தது. மகனிடம் பேசாமல் விட்டதையெல்லாம் அந்த மண்ணில்தான் தோண்டி எடுத்தார் என்று நான் நினைக்கிறேன்.

சாவு வீட்டில் பிள்ளைக்கு ஒரு வேலை தர வேண்டும் என்பது நம் ஊரில் எழுதப்படாத விதி. என் தாத்தா இறந்தபோது எங்களையெல்லாம் யாரும் அடுத்த வீட்டுக்கு அனுப்பவில்லை. சித்தப்பா குச்சி முனையில் வெள்ளைத் துணியைச் சுற்றி நெய்யில் முக்கி, பேரன் பேத்திகள் ஒவ்வொருவர் கையிலும் நெய்ப்பந்தம் கொடுத்தார். "ஏ பிள்ள, நேராப் பிடி, நெய் கையில வழியும்" என்றாள் ஆச்சி. அழுதுகொண்டிருந்தவள் அந்த நேரத்திலும் என் கையைப் பிடித்துச் சரிசெய்துவிட்டாள். தாத்தாவைச் சுற்றி வரும்போது எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. பந்தம் அணையக் கூடாது, முன்னால் போகிற அண்ணன் சட்டையில் பட்டுவிடக் கூடாது. இப்போது பல வீடுகளில் பிள்ளைகளைக் கண்ணில் காட்டாமல் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள்தான் பிற்பாடு நூலகத்தில் வந்து, படிக்காமல், ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி வந்த ஒருத்திக்கு நான் கொடுத்தது 'சார்லட்ஸ் வெப்'.

அதை எழுதிய ஈ. பி. ஒயிட், நியூயார்க்கில் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே மெய்ன் மாநிலத்தின் கடலோரத்தில் பண்ணை வைத்திருந்தவர். இலையுதிர் காலத்தில் வெட்டுவதற்காக வளர்த்த பன்றி ஒன்று நோய்வாய்ப்பட்டது. கொல்வதற்காக வளர்த்த அதே ஆள், ராவும் பகலும் அதற்கு வைத்தியம் பார்த்தார். பிழைக்கவில்லை. அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1948-ல் 'அட்லாண்டிக்' இதழில் வந்தது. தொழுவத்தில் ஒரு பெரிய சாம்பல்நிறச் சிலந்தி முட்டைப்பை கட்டுவதைப் பார்த்திருக்கிறார். தாய்ச் சிலந்தி காணாமல் போனதும் அந்தப் பையைப் பிளேடால் வெட்டியெடுத்து, ஒரு காலி மிட்டாய்ப் பெட்டியில் போட்டு நியூயார்க்குக்குக் கொண்டுபோய்ப் படுக்கையறை மேசைமேல் வைத்தார். சில வாரத்தில் பெட்டியின் துளை வழியாகக் குஞ்சுச் சிலந்திகள் வெளியே வந்து, சீப்புக்கும் கண்ணாடிக்கும் நகவெட்டிக் கத்திரிக்கும் இடையே நூல் கட்ட ஆரம்பித்தன. வீடு பெருக்க வருகிறவர் முறையிடும்வரை ஒயிட் அவற்றை அப்படியே விட்டுவைத்தார். சிலந்திகளைப் பற்றி அறிவியல் நூல்களைப் படித்துச் சரிபார்த்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தார். புத்தகம் 1952 அக்டோபரில் வெளிவந்தது.

வில்பர் என்கிற பன்றிக்குட்டியை வெட்டாமல் காப்பாற்ற சார்லட் என்கிற சிலந்தி தன் வலையில் வார்த்தைகளைப் பின்னுகிறது என்பது ஊரறிந்த கதை. நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடப்பதை. சந்தை மைதானத்தில் சார்லட்டுக்கு முடிவு நெருங்கிவிட்டது. வீடு திரும்ப உடம்பில் தெம்பில்லை. வில்பர் புரண்டு அழுகிறது. சார்லட் அதைத் தேற்றிக்கொண்டிருக்கவில்லை. வில்பருக்குச் சட்டென்று நினைவு வருவது உத்தரத்தில் இருக்கும் முட்டைப்பை. 514 முட்டைகள். மேலே ஏறி அதை எடுக்க எலியால்தான் முடியும், எலி காரியக்காரன். இனி தொட்டியில் சாப்பாடு விழுந்தால் முதலில் நீ தின்று முடித்த பிறகே நான் வாய் வைப்பேன் என்று வில்பர் வாக்குக் கொடுக்கிறது. தின்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த ஒரு பன்றி கொடுக்கக்கூடிய மிகப் பெரிய விலை அது. பையை நாக்கின்மேல் ஏந்திக்கொள்கிறது. அதனால் சார்லட்டிடம் விடைபெற அதற்கு வாயைத் திறக்க முடியவில்லை, கண்ணைச் சிமிட்டுகிறது. குளிர்காலம் முழுவதும் தொழுவத்தில் வெதுவெதுப்பான இடத்தில் பையை வைத்து, கடுங்குளிர் இரவுகளில் அதன்மேல் மூச்சு விடுகிறது.

சார்லட் சாகும்போது பக்கத்தில் யாருமில்லை. ஒயிட் அதை மறைக்கவில்லை, மெழுகவும் இல்லை. 1970-ல் அந்தப் புத்தகத்தை அவர் தன் குரலில் ஒலிப்பதிவு செய்தபோது, அந்த இடத்தைக் குரல் உடையாமல் வாசித்து முடிக்க 17 முறை பதிவு செய்ய வேண்டியிருந்தது என்று பதிவு செய்தவர் சொல்லியிருக்கிறார்.

நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு அம்மா போயிருந்தார். "யாரும் அவகிட்ட எதையும் கேட்காதீங்க" என்று வகுப்பில் சொல்லிவைத்திருந்ததால் பிள்ளைகள் அவள் பக்கமே போகப் பயந்தார்கள். புத்தகத்தை வாங்கிப்போனாள், தேதிச் சீட்டில் மறுபடி மறுபடி முத்திரை குத்தி அதையே எடுத்துப்போனாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவளுடைய வகுப்புத் தோழி, எதற்கும் வாயாடுகிற பெண், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "டீச்சர், புதுப் புஸ்தகத்துக்கெல்லாம் நாங்க அட்டை போட்டுத் தாறோம்" என்றாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பழுப்புத் தாளை மடிப்பு எடுத்து, ஓரம் வெட்டி, பசை தடவினார்கள். தோழி பேசிக்கொண்டே இருந்தாள், சினிமா, டியூஷன், பக்கத்து வீட்டு நாய். ஒரு புத்தகத்தின் முதுகை நீவிவிட்டுக்கொண்டே இவள் சொன்னாள்: "எங்க அம்மா மடிப்பு எடுத்தா இன்னும் நேரா இருக்கும்." தோழி "அப்படியா, எப்படிடீ எடுப்பாங்க, காட்டு" என்றாள். இவள் காட்டினாள். நான் எழுந்து அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

ஸ்வீடனில் 1973-ல் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் எழுதிய 'தி பிரதர்ஸ் லயன்ஹார்ட்' இந்த வரிசையில் மிகத் துணிச்சலானது. விம்மர்பி ஊர்க் கல்லறையில் 1860-ல் இறந்த இரண்டு குட்டிச் சகோதரர்களின் இரும்புச் சிலுவையைப் பார்த்ததுதான் அதன் விதைகளில் ஒன்று. இருமிக்கொண்டு அடுக்களைக் கட்டிலில் கிடக்கும் கார்ல், அவனுக்கு ராத்திரியில் தேன் கலந்த வெந்நீர் கொண்டுவரும் அண்ணன் யூனதான். வீடு தீப்பிடித்தபோது அண்ணன் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு மாடியிலிருந்து குதித்துச் சாகிறான். கதையின் முடிவில், வேறொரு உலகத்தில், உடம்பு செயலற்றுப்போன அண்ணனைத் தம்பி முதுகில் ஏற்றிக்கொள்கிறான். நோஞ்சான் தம்பிக்கு அது எப்பேர்ப்பட்ட சுமை! ஸ்வீடிஷ் விமர்சகர்கள் பலர் அந்த முடிவைக் கண்டு அதிர்ந்தார்கள். சாவைப் பிள்ளைகளுக்கு அழகாக்கிக் காட்டுகிறார் என்றார்கள். பிள்ளைகளோ அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதி, அடுத்து என்ன ஆனது என்று கேட்டார்கள்.

அடுத்த வருஷம், 1974-ல், அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் டகோமா பார்க்கில் ஒரு எட்டு வயதுப் பையனின் நெருங்கிய தோழி, கடற்கரைக்குப் போன இடத்தில் மின்னல் தாக்கி இறந்தாள். பையனின் அம்மா கேத்தரின் பேட்டர்சன். அந்த வருஷம்தான் அவர் தானே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டிருந்தார். மகனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாததால் எழுத ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் சாவு வரும் இடத்துக்கு வந்ததும் எழுதாமல் தள்ளிப்போட்டதாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். எழுதாதவரை அவள் உயிரோடிருப்பாள் அல்லவா.

1977-ல் வந்த 'பிரிட்ஜ் டு டெராபித்தியா'வில் சிறுமி மின்னலில் சாகவில்லை. வர்ஜீனியா கிராமத்தில் பால் கறந்து, அக்கா தங்கைகளுக்கு நடுவில் நசுங்கி, ஒளித்துவைத்துப் படம் வரையும் ஜெஸ் என்கிற பையனும், நகரத்திலிருந்து வந்த லெஸ்லியும் ஓடைக்கு அப்பால் காட்டில் தங்களுக்கென்று ஒரு ராஜ்ஜியம் கட்டுகிறார்கள். ஓடையைத் தாண்ட ஒரு பழைய கயிறு. மழையில் ஓடை பெருகிய ஒரு நாள், ஜெஸ் தன் இசை ஆசிரியையோடு வாஷிங்டனில் ஓவியக்கூடம் பார்க்கப் போய்விடுகிறான். லெஸ்லியைக் கூப்பிடத் தோன்றாமல், அல்லது கூப்பிட விரும்பாமல். திரும்பி வந்தால் வீடே அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கயிறு அறுந்துவிட்டது.

இதற்குமேல் வரும் பக்கங்களைப் போலத் துக்கத்தை உள்ளபடி எழுதிய குழந்தைப் புத்தகம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஜெஸ் முதலில் நம்பவில்லை. அடுத்த நாள் காலையில் ஆசையாகச் சாப்பிடுகிறான். என் வயதுப் பிள்ளைகளில் சிநேகிதி செத்துப்போன ஒரே ஆள் நான்தான் என்று அவனுக்குள் ஒரு பெருமைகூட எட்டிப்பார்க்கிறது. லெஸ்லியின் அப்பா அவனைக் கட்டிக்கொண்டு அழும்போது அவனுக்கு எரிச்சல் வருகிறது. அவள் கொடுத்த வர்ணப் பெட்டியை ஓடையில் வீசுகிறான். பெரியவர்கள் பார்த்தால் கன்னத்தில் அறையத் தோன்றும் நடத்தை எல்லாம் இதில் உண்டு. எங்கள் பள்ளியில் நான் கண்ட பிள்ளைகளும் இப்படித்தான் இருந்தார்கள். சாவு நடந்த மறுவாரம் சத்தமாகச் சிரித்ததற்காகத் திட்டு வாங்கிய பிள்ளைகள். ஜெஸ்ஸுக்கு ஆறுதலாக அமைவது, யாருமே எதிர்பார்க்காத ஒருவர்: வகுப்பே கேலி செய்யும் கடுகடுப்பான ஆசிரியை. தன் கணவர் இறந்தபோது எல்லோரும் அழாதே என்றும் மறந்துவிடு என்றும் சொன்னதை அவனிடம் சொல்கிறார். அவர் கண்ணில் நீர் நிற்கிறது.

பிறகு வேலை வருகிறது. பைன் கிளையை வளைத்து மலர்வளையம் செய்து காட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறான். பின்னாலேயே வந்த தங்கை, ஓடைமேல் விழுந்துகிடந்த மரத்தில் பாதியில் நின்று பயத்தில் அலறுகிறாள். போய் மீட்டு வருகிறான். லெஸ்லியின் பெற்றோர் வீட்டைக் காலி செய்யும்போது பின்வாசலில் கிடந்த பலகைகளைக் கேட்டு வாங்குகிறான். அதை ஓடைவரை சுமந்து, குறுக்கே போட்டு, ஆணியடித்துப் பாலம் கட்டுகிறான். கட்டி முடித்ததும் தங்கையின் தலையில் பூவைச் சூட்டி, கையைப் பிடித்து அக்கரைக்குக் கூட்டிப் போகிறான்.

1978-ல் அந்தப் புத்தகத்துக்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது. கூடவே அதைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்லிப் புகார்களும் வந்துகொண்டே இருந்தன. கெட்ட வார்த்தை இருக்கிறது, கற்பனை ராஜ்ஜியம் மாந்திரீகத்தைப் போலிருக்கிறது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். 1990-களில் அமெரிக்க நூலகங்களில் மிக அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட முதல் பத்துப் புத்தகங்களில் அதுவும் இருந்தது. பிள்ளைக்கு இந்தப் புத்தகம் வேண்டாம் என்று வந்து நிற்கும் பெற்றோரின் பயம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் சாவு வீட்டுக்குள் வந்த பிறகு புத்தகத்தை வாசலில் நிறுத்துவதால் பிள்ளை தனியாகத்தான் நிற்கும். தோழியை இழந்த அந்த மகன் டேவிட் வளர்ந்து, 2007-ல் வந்த திரைப்படத்துக்குத் தானே திரைக்கதை எழுதுவதில் பங்கெடுத்துக்கொண்டார். மேரிலாந்தில் எட்டு வயதில் கேட்ட கேள்வியை முப்பது வருஷம் கழித்து அவரும் கையில் எடுத்தார்.

கடைசியாக ஒரு புத்தகம். 'எ மான்ஸ்டர் கால்ஸ்' 2011-ல் வந்தது. 13 வயது கானரின் அம்மாவுக்குப் புற்றுநோய். பள்ளியில் எல்லோரும் அவனை விட்டு விலகி நடக்கிறார்கள். விஷயத்தை வெளியே சொன்னவள் சின்ன வயதிலிருந்து தோழியான லில்லி. அதற்காக அவளை அவன் மன்னிக்கவில்லை. நட்பு இங்கே முதலில் காயமாக வருகிறது. பிறகு லில்லி எழுதி அனுப்பும் ஒரு துண்டுச் சீட்டுதான் அவன் மறுபடி மனிதர்களுக்கு நடுவில் வர வழி திறக்கிறது. கானருக்குக் கிடைக்கும் வேலை களை பிடுங்குவதோ பாலம் கட்டுவதோ இல்லை. தன் நெஞ்சில் அடைத்துவைத்திருக்கும் ஓர் உண்மையை வாய்விட்டுச் சொல்வது. எல்லா வேலைகளிலும் கடினமானது அது. வீட்டு முற்றத்தைத் தாண்டி நிற்கும் யூ மரம் ராத்திரியில் நடந்துவந்து அவனை அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. ஜிம் கேயின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அந்த மரத்தின் ஊசி இலைகள் விரல் பட்டால் குத்தும்போலத் தோன்றும். 2012-ல் எழுத்துக்கான கார்னெகி பதக்கத்தையும் படத்துக்கான கேட் கிரீனவே பதக்கத்தையும் சேர்த்து வாங்கிய முதல் புத்தகம் அது.

அந்தக் கதையை யோசித்தவர் ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளர். பாத்திரங்களும் கதையின் போக்கும் தொடக்கமும் அவரிடம் தயாராக இருந்தன. எழுதி முடிக்க நாள் இருக்கவில்லை. மார்பகப் புற்றுநோயில் 2007 ஆகஸ்டில், 47 வயதில் இறந்தார். அவரை ஒரு தடவைகூடச் சந்தித்திராத பேட்ரிக் நெஸ் அந்த வேலையை எடுத்துச் செய்து முடித்தார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு டவுட் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்திருந்தார். அவருடைய புத்தகங்களின் ராயல்டி அதற்குப் போகிறது. வசதியில்லாத பகுதிகளின் பள்ளி நூலகங்களுக்கும், வீட்டை விட்டு அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்கும் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கித் தருகிறார்கள்.